ஒன்றரை முழம் மேலே

கேட்கிற காது குளிரட்டும், சொல்கிற நாக்கு கூட்டாமல் குறைக்காமல் சொல்லட்டும். ஒரு மலை இருந்ததாம். அந்த மலைக்கு எதிரே இன்னொரு மலை இருந்ததாம். ரெண்டுக்கும் நடுவே, மழை பெய்தால் மட்டும் வாய் திறக்கிற ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் இந்தக் கரையில் தட்டையாக ஒரு பாறை. பாறைமேல் குப்புறப் படுத்திருந்தான் சடையன், அண்ணனுடைய நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் அணைத்துக்கொண்டு. காற்று நிற்பதற்காகக் காத்திருந்தான். வேறொன்றும் நடக்கவில்லை. எதிர்ச் சுவரில், இங்கிருந்து பார்த்தால் ரொம்பக் கீழே, ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதில் செம்பி கிடந்தது. அண்ணியின் மாடு. அண்ணன் கன்றாகத் தோளில் தூக்கி வந்த மாடு. புது மழைக்குத் துளிர்த்த புல்லைத் தேடி எதிர்க்கரையில் ஓரத்துக்குப் போய்ச் சறுக்கி, முன்கால் ரெண்டும் முறிந்து, முதலில் கத்தி, பிறகு கத்த முடியாமல் முனகி, அந்த முனகல் சுவருக்குச் சுவர் மோதி ஊருக்குள் வந்து ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் சோறு இறங்கவில்லை. மேலே மூன்று பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் முடிக்க வேண்டும், உயிரோடு கண்ணைக் கொத்துவதற்கு முன்னால். ரெண்டு முழம் மேலே குறி வை என்று ஒரு நினைப்பு. ரெண்டு முழம் அதிகம், பள்ளத்துக்கு ஒன்றரை முழத்துக்கும் குறைச்சல் என்று இன்னொரு நினைப்பு. ரெண்டு நினைப்புக்கும் நடுவில் காற்று வந்து அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போயிற்று. இந்தக் காற்று குண்டை என்ன செய்யும்? பள்ளத்தில் கீழேயிருந்து மேலே ஏறுகிற காற்று, மத்தியானக் காற்று, வெயில் தணிந்தால் தானே படுத்துக்கொள்ளும். வெயில் தணிந்தால் நிழலும் ஏறும். நிழல் விளிம்பை மூடுவதற்குள் காற்று நிற்க வேண்டும். எது முந்தும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

நல்ல குண்டு ஒன்றே ஒன்றுதான். காலையில் அண்ணி ஒரு கொட்டாங்கச்சியில் ஈயத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பார்த்ததும் அவனுக்குத் தெரிந்தது. அண்ணன் சுட்டுப் பழகின மாமரக் கட்டைக்குள்ளிருந்து கத்தி முனையால் தோண்டி எடுத்த துண்டுகள், நசுங்கி, காளான் மாதிரி விரிந்து, ஒன்றிரண்டில் மரச் செதில்கூட ஒட்டியிருந்தது. சுட்ட ஈயத்தை அண்ணன் விட்டுவிட்டு வரமாட்டான். “ஈயத்துக்குச் சாவு கெடையாதுடா, நம்மள மாதிரியா, உருக்கு, ஊத்து, மறுபடியும் பொறந்துக்கும்” என்பான். சடையன் இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினான், ஒரு துளி மெழுகைப் போட்டு அழுக்கை ஒதுக்கினான், மாக்கல் அச்சில் ஊற்றினான். அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டு கிழவி முகமாகச் சுருங்கி வரும். முதல் ரெண்டும் அப்படித்தான் வந்தது. அவசரமாக ஊற்றினால் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் காம்பை நறுக்கித் தேய்த்துவிட்டு வெண்கலத் தட்டில் உருட்ட வேண்டும். உள்ளே பொய் இருக்கிற குண்டு நொண்டும். அவன் ஊற்றினதில் ஒவ்வொன்றாக நொண்டிற்று. அவசரம் ஈயத்துக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. ஒன்று மட்டும் தட்டை ஒரு சுற்று ஒழுங்காகச் சுற்றி, நடுவில் வந்து, இதுதான் என் இடம் என்பதுபோல் நின்றது. அண்ணி அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் ஈயம் உருள்கிற சத்தம், அந்த வீட்டில் அது அண்ணனுடைய சத்தம். அவளாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவனாவது கேட்டிருக்கலாம். இப்போது அந்த ஒன்று குழாயின் அடியில், மூங்கில் குழலில் அளந்து கொட்டின கரிமருந்தின்மேல், எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, கெஜக்கோலால் இடித்து இறக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. சரியாக இறங்கிற்றா? மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழாய் பிளக்கும். இறங்கிற்று, கோல் துள்ளிற்று, துள்ளினால் இறங்கிற்று என்று அர்த்தம். துள்ளிற்றா? துள்ளிற்று.

“என்னடா, குண்டுக்கு நல்ல நேரம் பாக்கறியா?” என்றான் வேடியன். பங்காளி முறை, பக்கத்துக் கொல்லைக்காரன். எதிர்ச் சுவரின் உச்சியிலிருந்து வடம் கட்டி இறங்கிப் பார்த்தவன் அவன்தான். சுவர் உள்வாங்கியிருந்ததால் வடம் அந்தரத்தில் ஆடிற்று, மாட்டை எட்டவில்லை, உள்ளங்கை ரெண்டும் தோலுரிந்து போயிற்று. இப்போது கையில் மஞ்சளை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “காத்து நிக்கட்டும்” என்றான் சடையன். “உங்கண்ணன் காத்துக்கிட்டப் பேசிக்கிட்டே சுடுவான். நீ காத்துக்குக் கும்பிடு போட்டுக்கிட்டு படுத்திருக்கற.” “சும்மா இரு வேடியா.” “இருக்கறேன். பசுவச் சுட்டவன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்னு பெரிய கவுண்டரு சொல்லிட்டாரு, தெரியுமில்ல? நான் குடிப்பேன். தண்ணியா இல்லாம வேற ஏதாச்சும் இருந்தா.” சடையனுக்குச் சிரிப்பு வந்து, வயிறு பாறையில் அழுந்தி, குழாய் நுனி அசைந்தது. அசைந்த நுனி எவ்வளவு அசைந்தது, ஒரு நெல்மணி அளவு. இங்கே ஒரு நெல்மணி அசைந்தால் அங்கே ஒரு ஆள் தள்ளிப் போகும். அண்ணி இந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தான். அண்ணி உண்ணாமலை பாறையின் ஓரத்தில் நின்று, ஒரு கட்டுப் புல்லைப் பிடி பிடியாகப் பிரித்து எதிரே வீசிக்கொண்டிருந்தாள். எட்டாது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பிடியும் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், பிறகு பிரிந்து, தாள் தாளாக மிதந்து பள்ளத்துக்குள் இறங்கிற்று. சடையன் அந்தத் தாள்களைப் பார்த்தான். அவை இறங்குகிறபோது மேலே தூக்கிக்கொண்டன, வலப்பக்கம் சாய்ந்தன. காற்று இன்னும் இருக்கிறது. அவள் வீசுகிற புல்லில் காற்றைப் படிக்கிறோமே என்று அவனுக்குக் கூசிற்று. ஆனாலும் படித்தான். அடுத்த பிடியை எப்போது வீசுவாள் என்று காத்திருந்து படித்தான். “கொழுந்தனாரே, கேப்பு பத்திரமா இருக்கா? ஈரம் பட்டா வெடிக்காது.” “இருக்கு அண்ணி.” “உங்கண்ணன் காது மடிப்புல சொருகி வெச்சிருப்பாரு.” அவன் காதைத் தொட்டுக் காட்டினான். அங்கேதான் இருந்தது, மருந்தைப் பற்றவைக்கிற அந்தச் சின்னச் செப்பு மூடி. அவள் தலையாட்டிவிட்டு மறுபடி புல்லைப் பிரித்தாள்.

குண்டு நேராகப் போகிறது என்று எவண்டா சொன்னான், என்று அண்ணன் கேட்டது இதே பாறையில்தான். “கையால விட்ட கல்லு என்ன பண்ணும்? அதேதான் இதுவும். வேகத்துல நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். வாய விட்டுக் கெளம்பின நொடியே விழ ஆரம்பிச்சிடும்.” எதிர்ச் சுவரில், இந்தப் பாறைக்கு நேர் மட்டத்தில், கருத்த இடத்தில் சாம்பலைக் குழைத்து வட்டம் பூசியிருந்தான். சுடுவான், பிறகு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அங்கே போவான், ஈயம் பட்டுப் பளபளக்கிற தழும்புக்கும் வட்டத்துக்கும் நடுவே தன் கையை வைத்து அளப்பான், அங்கிருந்து கத்துவான்: “ரெண்டு முழங் கீழ!” அப்புறம் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, இப்ப நீ சுடு என்பான். சடையன் சுடமாட்டான். நீ வா முதல்ல, இங்க வந்துடு, அப்புறம் சுடறேன். “நான் எவ்வளவு தள்ளி நிக்கறேன், பயப்படாத, சுடு.” மாட்டேன். அண்ணன் சிரிப்பது அங்கிருந்து இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். பல் தெரியும், பிறகுதான் சத்தம். “நீ எப்பவும் மேலயே வைக்கற. பயந்தவன் மேலதான் வைப்பான். பள்ளத்துல பன்னியத் தவற விட்டவன் எல்லாம் மேல வெச்சுத்தான் தவற விட்டான்.” கீழே இருப்பதைச் சுடும்போது அவ்வளவு விழாது என்பது அண்ணன் கண்டுபிடித்த கணக்கு. தூரம் அதே தூரந்தான், ஆனால் மட்டத்துக்கு ரெண்டு முழம் என்றால் பள்ளத்துக்கு ஒன்றரைக்கும் குறைச்சல். ஏன்? “ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. குண்டு கீழ போகத்தான ஆசப்படுது? நீயே கீழ அனுப்பிட்டா அப்புறம் அதுக்கு ஏங்கறதுக்கு என்ன இருக்கு.” இது சரியா? அண்ணன் சொன்னால் சரி. ஆனால் அண்ணன் சொன்னது பன்றிக்கு, பன்றி இன்னும் கிட்டத்தில் இருக்கும், இன்னும் செங்குத்தாக இருக்கும். இந்த விளிம்பு அவ்வளவு செங்குத்தில்லை. அப்படியானால் ஒன்றரையே வைக்கலாமா? ஒன்றரை என்றால் மாட்டின் முதுகுக்குமேல் சுவரில் ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் கீழே. ரெண்டு என்றால் கீறலுக்கு மேலே, அந்தச் சின்ன ஆலங்கன்று முளைத்த இடம். ஆலங்கன்றைப் பார்க்காதே. பார்த்தால் கை அங்கே போகும். அண்ணன் தீர்த்தன் மரம் வெட்டுகிற வேலை என்றுதான் வண்டி ஏறினான், மழை பொய்த்த வருஷம், ஏஜென்டு ஒருவன் வந்து அழைத்துப் போனான், எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு காடு. கூடப் போனவர்களில் திரும்பி வந்தவன் ஒருத்தன்தான். அவனைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கேட்டது. “சத்தம் கேட்டுது, எல்லாரும் ஓடினோம், நான் திரும்பிப் பாக்கல” என்றான். எத்தனை சத்தம்? தெரியாது. தீர்த்தன் உன் முன்னால ஓடினானா, பின்னால ஓடினானா? தெரியாது. எங்கேயிருந்து சுட்டாங்க? எதிர்மேட்டிலிருந்து, தூரத்திலிருந்து. தூரத்திலிருந்து. அப்படியென்றால் அங்கேயும் ஒருத்தன் இப்படித்தான் குப்புறப் படுத்திருந்தானா, அவனுக்கும் முழக்கணக்கு இருந்ததா, ஒன்றரை வைக்கலாமா ரெண்டு வைக்கலாமா என்று யோசித்தானா, காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தானா? பயந்தவனாக இருந்தால் மேலே வைத்திருப்பான். மேலே வைத்திருந்தால் குண்டு அண்ணனின் தலைக்குமேல் போயிருக்கும், அண்ணன் ஓடியிருப்பான், வேறெங்கோ ஒரு ஊரில் பாஷை தெரியாமல் கூலி வேலை செய்துகொண்டிருப்பான். சுட்டவன் பயந்தவனாக இருக்க வேண்டும் சாமி. இந்த வேண்டுதலைச் சடையன் எத்தனையோ தரம் வேண்டியாயிற்று. வேண்டும்போதெல்லாம் அவனுக்குள்ளே அந்த ஆள் தலை நிமிர்ந்து பார்ப்பான், முகம் இருக்காது, தோளில் குழாய் மட்டும் இருக்கும். இப்போது அந்தக் குழாயைத் தன் கன்னத்தில் உணர்ந்தான். வெயிலில் கிடந்து சூடாக இருந்தது.

முனகல் நின்றது. செத்துவிட்டதோ என்று மூவரும் ஒரே மூச்சில் எட்டிப் பார்த்தார்கள். சாகவில்லை, வால் ஈயை விரட்டிற்று, முனகல் மறுபடி தொடங்கிற்று. செத்திருந்தால், என்று நினைத்தான், நினைத்ததற்காகத் தன்னைத்தானே வைதுகொண்டான். செத்திருந்தால் சுட வேண்டியதில்லை. சுட வேண்டியதில்லை என்றால் சத்தம் இல்லை. அவன் பயந்தது மாட்டைத் தவற விடுவதற்கு மட்டுமில்லை, சத்தத்துக்கும்தான். இந்த மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோய்விட்டால் ஊர் ஓரத்தில் நின்று ஒரே ஒரு வெடி போடுவார்கள், குண்டில்லாமல், மருந்து மட்டும். ஒத்த வெடி கேட்டால் எதிர்மலையில் இருப்பவர்கள் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று, யாருக்கு என்று குரல் கொடுப்பார்கள். இங்கிருந்து பேரைச் சொல்ல வேண்டும். கேட்டோம் என்று அங்கிருந்து பதில் வரும். அதோடு அந்த ஆளுக்கு ரெண்டு மலையிலும் கணக்கு முடிந்தது. காட்டுப்பன்றிக்குச் சுடுவது ராத்திரியில், அதை யாரும் கேட்பதில்லை. அண்ணன் குறி பழகுகிற நாளில் வெடி ஒன்றோடு நிற்காது. பகலில் கேட்கிற ஒற்றைச் சத்தம் சாவுதான். அண்ணனுக்கு அந்த வெடி போடவில்லை. திரும்பி வந்தவன் சொன்னதைக் கேட்டுப் பெரியவர்கள் முடிவு பண்ணிச் சடையனிடம் துப்பாக்கியை எடுத்து வரச் சொன்னார்கள், அவனும் எடுத்தான், குழாய்க்குள் மருந்தைக் கொட்டினான். உண்ணாமலை வந்து குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். “ஒடம்பக் காட்டுங்க. அப்புறம் வெடி போடுங்க. எதக் காட்டி எம் பொட்ட எடுக்கச் சொல்றீங்க?” அந்தக் கை அங்கேயே இருந்தது, கை எடுத்த பிறகும் அதில் குழாயின் வட்டம் பதிந்திருந்தது. அன்றிலிருந்து அவள் பொட்டும் இருக்கிறது, ஊருக்குள் அவளைக் கூப்பிடுகிற விதத்தில் ஒரு தடுமாற்றமும் இருக்கிறது; கல்யாண வீட்டில் மஞ்சள் கொடுப்பதா வேண்டாமா என்று தட்டு அவள்முன் வந்து ஒரு கணம் நிற்கும். துப்பாக்கி பரண்மேல் கிடந்தது. இப்போது அவள்தான் அதை இறக்கிக் கொடுத்திருக்கிறாள். சுட்டதும் எதிர்மலையிலிருந்து குரல் வரும், யாருக்கு என்று. மாடு, வெறும் மாடுதான் என்று உடனே கத்திவிட வேண்டும், அவள் காதில் அந்தக் கேள்வி முழுசாக விழுவதற்கு முன்னால். மாடு என்கிற சொல்லை அவன் நாக்கில் தயாராக வைத்துக்கொண்டான், காதில் கேப்பை வைத்துக்கொண்டதுபோல.

புல்தாள் ஒன்று நேராக இறங்கிற்று. இன்னொன்றும் நேராக இறங்கிற்று. காற்று படுத்துவிட்டது. நிழல் விளிம்புக்குக் கீழே ஒரு பனை உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. சடையன் கேப்பை எடுத்துக் குழாயடியில் நீட்டிக்கொண்டிருந்த காம்பில் பொருத்தினான், அதை அடிக்கிற குதிரையை இழுத்தான், கண்ணை வைத்தான். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நேரம் முழத்தை அளந்து காற்றை அளந்து, எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கவில்லை. மாடு முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தது. இங்கே தெரிவது முதுகும் தொடையும். முதுகில் பட்டால் சாகாது. நெற்றியில் படவேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஒரு ராத்திரி. தலையைத் திருப்ப வேண்டும். யார் சொன்னால் திருப்பும்? அவனுக்கு விடை தெரிந்தே இருந்தது. எப்படிக் கேட்பான்? நீ கூப்பிடு, அது உன்னைத் திரும்பிப் பார்க்கட்டும், நான் சுடுகிறேன் என்றா? நிழல் ஏறிற்று. வேடியன் இவனையும் பார்த்தான், மாட்டையும் பார்த்தான். “அண்ணி” என்றான் சடையன், கன்னத்தைக் குழாயிலிருந்து எடுக்காமல். “மொகம் அந்தப் பக்கம் இருக்குது.” அவள் கையிலிருந்த பிடியை வீசினாள். “அண்ணி...” “தெரியுது” என்றாள். மீதிப் புல்லைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறிச் சொருகினாள், பால் கறக்கப் போகிறவள் போல. “நான் கூப்டா எழுந்திரிக்கப் பாக்கும். எழுந்திரிக்க விட்டுடாதீங்க கொழுந்தனாரே. காலு இல்ல அதுக்கு.” ஒன்றரைக்கும் குறைச்சல். வெள்ளைக் கீறலுக்குக் கீழே. மேலே வைக்காதே, பயந்தவன்தான் மேலே வைப்பான். அந்த ஆள் பயந்தவனாக இருந்திருக்கட்டும், நான் பயப்படாமல் இருக்க வேண்டும், ரெண்டும் ஒரே சாமிக்குத்தானே போகும், சாமி எதை எடுத்துக்கொள்ளும். மூச்சை விட்டான். பாதியில் நிறுத்தினான். “செம்பீ... இந்தா, ம்பா... ம்பா... வாடி எங்கண்ணு... செம்பீ...” தினமும் சாயங்காலம் தொழுவத்து வாசலில் கேட்கிற அதே குரல், ஒரு இழை கூடப் பிசகாமல், அழுகை சேராமல். அப்படிப் பிசகாமல் இருந்ததுதான் அவன் நெஞ்சை அறுத்தது. கீழே தலை திரும்பிற்று. காது ரெண்டும் நிமிர்ந்தது. உடம்பு முழுவதும் எழுந்து வர ஆசைப்பட்டது. சடையன் விரலை அழுத்தினான். கேப்பு வெடித்ததற்கும் மருந்து பற்றினதற்கும் நடுவே ஒரு கண்சிமிட்டு நேரம் இருந்தது, அதற்குள் அவனுக்குத் தெரிந்தது, இனிமேல் குண்டைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

புகை. கரிமருந்தின் புகை வெள்ளையாக, கனமாக, காற்றில்லாத அந்த நேரத்தில் எங்கேயும் போகாமல் பாறைக்கு முன்னால் ஒரு சுவராக நின்றது. பட்டதா என்று பார்க்க முடியவில்லை. சத்தம் எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது, பள்ளத்தின் வளைவுகளில் ஒவ்வொரு அறையாகப் புகுந்து பார்த்துவிட்டு, அடங்கிற்று. அவன் காதைத் தீட்டிக்கொண்டு முனகலைத் தேடினான். முனகல் இல்லை. இத்தனை நாளாக எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த அது இல்லாததால், ஊரின் சத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. ஒரு சேவல், எங்கோ உலக்கை. பட்டுவிட்டது அண்ணா, ஒன்றரைக்கும் குறைச்சல்தான், நீ சொன்னது சரி என்று வாய்க்குள் சொன்னான், சொன்னதைக் கேட்க யாரும் எதிரே கையை அளந்துகொண்டு நிற்கவில்லை. புகை மெல்லக் கிழிந்தது. செம்பி தலையை விளிம்பின் ஓரத்தில் வைத்துத் தூங்குகிறதுபோல் கிடந்தது, முகம் இந்தப் பக்கம்தான். வேடியன் எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அப்போது உலக்கைச் சத்தம் நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தூரத்தால் மெலிந்து, ஒரு ஆணின் குரல் நீட்டி வந்தது.

“யாருக்கூ...?”

மாடு என்று சொல்ல வேண்டும். சடையன் முழங்காலில் எழுந்தான், வாயைத் திறந்தான், மருந்துப் புகை தொண்டையில் புகுந்து இருமல் வந்தது. இருமிக்கொண்டே கையை ஆட்டினான், யாரைப் பார்த்து ஆட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வேடியனும் சொல்லவந்தான், “ஒண்ணுமில்ல, மா...” அவள் கை நீண்டு அவனைத் தடுத்தது. உண்ணாமலை பாறையின் நுனிக்குப் போனாள், புல் வீசின இடத்துக்கு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர் அது. கொல்லையிலிருந்து கூப்பிட வேண்டுமானால்கூட, இந்தாங்க, இங்க பாருங்க என்பாள். ஓட்டுச் சாவடியில் கேட்டபோது பக்கத்தில் நின்ற பிள்ளையைச் சொல்லச் சொன்னவள். கையிரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டாள். மாட்டைக் கூப்பிட்ட அதே குரல்தான், அதே நீட்டல்தான்.

“தீர்த்தனுக்கூ...! தட்டுப்பாறை ஊரு தீர்த்தனுக்கூ...!”

சத்தம் போய்ச் சேரவேண்டும், அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும், அவனா, இவ்வளவு நாள் கழித்தா என்று யாராவது கேட்கவேண்டும், வேறு யாராவது அவரை அடக்கவேண்டும். இந்த நேரத்தைச் சடையனால் முழம் போட முடியவில்லை. பிறகு ஒரு குரல் இல்லை, பல குரல், ஆணும் பெண்ணுமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தது.

“கேட்டோம்...!”

அவள் தலையை ஒரு தரம் ஆட்டினாள், பக்கத்தில் நின்று சொன்னவர்களுக்கு ஆட்டுவதுபோல. மீதிப் புல்லை அள்ளி மொத்தமாகப் பள்ளத்தில் போட்டாள். அது பிரியாமல், நேராக, இறங்கிப்போயிற்று. திரும்பி நடந்தாள், பொட்டை எடுக்கவில்லை, அழவில்லை, வீட்டுக்குப் போகிற தடத்தில் மாடு முன்னால் போவதுபோல இடப்பக்கம் வழி விட்டு நடந்தாள். வேடியன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ரொம்பப் பின்னால், அவள் திரும்பிப் பார்த்தால் தெரியாத தூரத்தில் போனான். சடையன் குழாய்க்குள் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும் என்று நினைத்தான், கரிமருந்தை அப்படியே விட்டால் துரு ஏறும், அண்ணன் திட்டுவான். அண்ணன் திட்டுவான் என்பதில் மாட்டிக்கொண்டு நின்றான். எதிர்ச் சுவரில் நிழல் விளிம்பைத் தாண்டி, வெள்ளைக் கீறலைத் தாண்டி, ஆலங்கன்றைத் தாண்டி ஏறி, மழையில் பாதி கரைந்த அந்தச் சாம்பல் வட்டத்தையும் மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் நடந்தான்.